உப்புக் காற்றும் அப்பாவின் இரட்டைக் குழலும்: இராமநாதபுரத்துத் துப்பாக்கிக் கடை ஒன்றில் நான் பெற்ற சேவை

இராமநாதபுரம் நகரில், உரிமம் வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே பெரும்பாலும் தெரிந்த ஒரு துப்பாக்கிக் கடை இருக்கிறது. பழுதுபார்ப்பது, தோட்டா விற்பது, தேர்தல் காலத்திலும் வெளியூர் செல்லும்போதும் உரிமதாரர்கள் ஒப்படைக்கும் துப்பாக்கிகளைக் காப்பில் வைத்துக்கொள்வது ஆகிய மூன்று வேலைகளும் அங்கு நடக்கின்றன. ஆயுதம் இருக்கும் இடத்தை ஊரறியச் சொல்ல வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் கடையின் பெயரையும் தெருவையும் நான் எழுதவில்லை. உரிமம் உள்ளவர்கள் விசாரித்தால் எளிதில் தெரிந்துகொள்ளலாம். 2021 முதல் அந்தக் கடைக்குப் போய்வருகிறேன். கடந்த தை மாதம் என் தங்கை மகன் அங்கே கேட்ட ஒரு கேள்வியும், அதற்குக் கடைக்காரப் பெரியவர் ஒன்றரை மணி நேரம் பொறுமையாகச் சொன்ன பதிலும்தான் இதை எழுத வைத்தன.

முதலில் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாயல்குடிக்குத் தெற்கே, கடலலை காதில் விழும் தூரத்தில் எங்களுக்கு ஒரு தென்னந்தோப்பும் அதையொட்டிக் கொஞ்சம் பனங்காடும் இருக்கின்றன. தோப்புக் காவலுக்காக என் தந்தையார் 12 போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை முறையான உரிமத்தோடு வைத்திருந்தார். 2018-இல் அவர் காலமானார். உரிமதாரர் இறந்துவிட்டால் அந்தத் துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கும் உரிமை யாருக்கும் இல்லை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 21ஆவது பிரிவின்படி, தேவையற்ற காலதாமதம் இல்லாமல் அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ அதை ஒப்படைத்துவிட வேண்டும். வாரிசு என்ற முறையில் எனக்கு உரிமம் கிடைத்த பிறகுதான் அது என் கைக்கு வர முடியும். ஆகவே வேறோர் ஊரிலிருந்த ஒரு கடையில் ஒப்படைத்தோம். 3 ஆண்டுகள் கழித்துத் திரும்பப் பெற்றபோது, உறையிலிருந்து எடுத்த கையில் செம்மண் பூசியதுபோல் துரு ஒட்டியது. மாதாமாதம் காப்புக் கட்டணம் வாங்கியவர்கள் ஒருமுறைகூட எண்ணெய் தடவவில்லை. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் திண்ணையில் உட்கார்ந்து துடைத்த பொருள் அது என்பதால், அன்று என்னால் பேசவே முடியவில்லை.

அந்த நிலையில்தான் அதை இந்தக் கடைக்குக் கொண்டுவந்தேன். பெரியவர் முதலில் உரிமப் புத்தகத்தை வாங்கி, அதிலுள்ள எண்ணையும் குழலில் பொறித்த எண்ணையும் பூதக்கண்ணாடி வைத்து ஒப்பிட்டார். அது முடிந்த பிறகே துப்பாக்கியைத் தொட்டார். குழலை மடித்து, இரண்டு அறைகளும் காலியாக இருப்பதைச் சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிட்டு, சன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து என்னையும் எட்டிப் பார்க்கச் சொன்னார். வலது குழல் கண்ணாடிபோல் இருந்தது. இடது குழலின் வாய்க்கு நான்கு விரற்கடை உள்ளே, அம்மைத் தழும்பு போலச் சிறு சிறு குழிகள் வட்டமாகத் தெரிந்தன. "உப்புக் காற்று வாய் வழியாகத்தான் போகும். வாயை மேலே வைத்துச் சாத்தினால் எண்ணெய் கீழே வடிந்து பின்பக்க மரக் கட்டைக்குள் இறங்கிவிடும். வாய்ப் பக்கம் காய்ந்துவிடும். கடலோரத்தில் இருப்பவர்கள் வாயைக் கீழே வைத்துத்தான் நிறுத்த வேண்டும், ஐயா" என்றார். தோல் உறைக்குள் போட்டுப் பல மாதம் வைப்பதுதான் கடற்கரையில் துப்பாக்கிக்கு முதல் எதிரி என்பதையும், தோல் ஈரத்தை இழுத்து இரும்போடு ஒட்டவைத்துவிடும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன்.

பித்தளைத் தூரிகையும் கம்பியும் கொண்டு பெரியவர் 4 நாட்களில் அதைச் சீராக்கினார். குழிகளை அவர் தேய்த்து அழிக்கவில்லை. அழித்தால் குழலின் சுவர் மெலிந்துவிடும் என்று சொல்லி, துருவை மட்டும் எடுத்துவிட்டு அப்படியே விட்டார். அப்பா விட்டுச்சென்ற பழைய அட்டைத் தோட்டாக்களில் சில ஊதியிருந்தன, பித்தளை அடி பச்சை பூத்திருந்தது. அவற்றைச் சுடுவதற்குத் திருப்பித் தர மறுத்து, முறைப்படி ஒழிப்பதற்காகப் பதிவேட்டில் எழுதிக்கொண்டார். புதிய தோட்டா விற்பதற்கு நல்ல வாய்ப்பு என்றபோதும், தோப்புக் காவலுக்கு இப்போது இருப்பதே போதும் என்று அவரே சொன்னார். 2024 மக்களவைத் தேர்தலுக்காகத் துப்பாக்கியை ஒப்படைக்க வேண்டியிருந்தபோது நான் வேறு எங்கும் போகவில்லை. தேர்தல் முடிந்து வாங்கியபோது குழல் வாயில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருந்தது. கடைசியாகத் துடைத்த தேதி ஒரு சிறு சீட்டில் எழுதிக் கட்டப்பட்டிருந்தது.

இனி அந்தக் கேள்விக்கு வருகிறேன். என் உரிமத்தைப் புதுப்பிக்கும் வேலையாகச் சென்ற தை மாதம் கடைக்குப் போனேன். டெக்சாஸ் மாநிலத்தில் எச்-1பி விசாவில் வேலை பார்க்கும் என் தங்கை மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். அவனும் உடன் வந்தான். அங்கே அவன் நண்பர்களோடு பண்ணை நிலங்களில் வெள்ளைவால் மான் வேட்டைக்குப் போகிறவன். கடையில் உட்கார்ந்தவுடன், "ஐயா, அங்கே தோளில் ஷாட்கன், இடுப்பில் ரிவால்வர் இரண்டையும் வைத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிறோம். கமுதி, சாயல்குடி பக்கம் கருவேலங்காட்டில் நிறையப் புள்ளிமான் இருக்கிறதே, மாமாவிடம் உரிமமும் இருக்கிறது. இங்கே இரண்டையும் எடுத்துப் போகலாமா, ஒன்றைத்தான் எடுத்துப் போக வேண்டுமா?" என்று கேட்டான். எனக்குச் சங்கடமாக இருந்தது. பெரியவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. அங்குள்ள விதி என்ன என்று முதலில் அவனையே சொல்லச் சொன்னார்.

அவன் சொன்னவை நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கும் பயன்படும் என்பதால் குறிப்பிடுகிறேன். டெக்சாஸில் 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டையாட வேண்டுமானால் வேட்டைக் கல்விப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும். மானைச் சுடுவதற்கு ஷாட்கன்னும் கைத்துப்பாக்கியும் அனுமதிக்கப்பட்டவைதான். ஆனால் தோட்டாவின் விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சிறு ரகத் துப்பாக்கிகளால் மானைச் சுடக் கூடாது. நில உரிமையாளரின் ஒப்புதல் வேண்டும். சுட்ட மானுக்கு உரிமத்தோடு வரும் அடையாளச் சீட்டைக் கட்ட வேண்டும். இவை எல்லாவற்றையும் விட முக்கியமானது, வேலை விசாவில் இருக்கும் வெளிநாட்டவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க ஒன்றியச் சட்டமே பொதுவாகத் தடைசெய்கிறது என்பது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது அதற்கான விதிவிலக்குகளில் ஒன்று. "அந்த வேட்டை உரிமம் காலாவதியான மறுநாள் நான் துப்பாக்கியைத் தொட்டாலும் குற்றம்" என்று அவன் சொன்னபோது பெரியவர் தலையசைத்தார். "அங்கே வேட்டை உரிமம்தான் உங்கள் கையில் துப்பாக்கியைத் தருகிறது, தம்பி. இங்கே துப்பாக்கி உரிமம் எதுவும் உங்களுக்கு வேட்டையைத் தராது" என்றார்.

அதன் பிறகு அவர் விளக்கியதை என் சொற்களில் தருகிறேன். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, அட்டவணைகளில் உள்ள காட்டு விலங்குகளை வேட்டையாடுவதைத் தடைசெய்கிறது. மான் மட்டுமல்ல, அப்பா காலத்தில் சர்வசாதாரணமாகப் பேசப்பட்ட முயலும் கௌதாரியும் இன்று அந்தத் தடைக்குள்தான் அடங்கும். வேட்டை என்றால் கொல்வது மட்டுமே என்று பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 2ஆவது பிரிவு தரும் விளக்கத்தில் பிடிப்பது, கண்ணி வைப்பது, பொறி வைப்பது, நஞ்சிடுவது, அந்த நோக்கத்தோடு விரட்டுவது, இவற்றுக்கு எடுக்கும் ஒவ்வொரு முயற்சி என எல்லாமே வேட்டைதான். குறி தவறிவிட்டது, மான் ஓடிவிட்டது என்பது தப்பிக்கும் வழியாகாது. குற்றத்துக்குப் பயன்பட்டுப் பறிமுதலான வாகனமும் வள்ளமும் துப்பாக்கியும் அரசுடைமை ஆகிவிடும். 2022-இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். மிகுந்த பாதுகாப்பு பெற்ற முதல் அட்டவணை விலங்காக இருந்தாலோ, சரணாலயத்துக்குள்ளோ தேசியப் பூங்காவுக்குள்ளோ வேட்டையாடினாலோ 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 51ஆவது பிரிவின் கீழ், தண்டனை பெற்றவரின் ஆயுத உரிமத்தை ரத்து செய்யவும், 5 ஆண்டுகளுக்கு அவர் வேறு உரிமம் பெற முடியாதபடி ஆணையிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் இருக்கிறது.

என் தங்கை மகன் விடவில்லை. மானைச் சுட மாட்டோம், காட்டுக்குள் போகும்போது பாம்பு, பன்றி, திருடர் பயத்துக்காகத் தற்காப்புக்கு ரிவால்வரை வைத்துக்கொள்கிறோம் என்று சொன்னால் என்ன என்று கேட்டான். இந்த இடத்தில்தான் பெரியவரின் சேவை எத்தகையது என்பது எனக்கு விளங்கியது. சில ஆண்டுகளுக்கு முன்பு இதே போன்ற ஒரு பேச்சின்போது வேறோர் ஊர்த் தரகர் ஒருவர், "தற்காப்புன்னு சொல்லிக்கலாம்" என்று கண்ணைச் சிமிட்டியதை நான் பார்த்திருக்கிறேன். இவரோ ஒரு பழைய சட்டப் புத்தகத்தை எடுத்து, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவைப் பிரித்துக் காட்டினார். தன்னையோ பிறரையோ காப்பாற்ற நல்லெண்ணத்தோடு ஒரு காட்டு விலங்கைக் கொன்றால் அது குற்றமாகாது. ஆனால் அந்த நேரத்தில் அந்தச் சட்டத்துக்கு எதிரான வேறொரு செயலில் ஈடுபட்டிருந்தவருக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மான் தேடிப் போனவர் பன்றியைத் தற்காப்புக்குச் சுட்டேன் என்று சொல்ல முடியாது. தற்காப்பில் கொல்லப்பட்ட விலங்கும் அரசுக்கே சொந்தம்.

இரண்டு துப்பாக்கி வைத்துக்கொள்வதைப் பொறுத்தவரை சட்டத்தில் இடமிருக்கிறது. ஆயுதச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சமாக 2 துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம். உரிமமும் 3 ஆண்டுக்குப் பதிலாக 5 ஆண்டு செல்லும். ஆனால் இரண்டையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. ஷாட்கன் போல, 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழலுள்ள துப்பாக்கியைப் பாதுகாப்புக்காகவோ விளையாட்டுக்காகவோ இந்தியக் குடிமகன் கேட்டால் அதைப் பரிசீலிக்கும் முறை வேறு. ரிவால்வர் வேண்டுமென்றால் அதற்கு நியாயமான காரணம் இருப்பதாக உரிமம் வழங்கும் அதிகாரி நிறைவடைய வேண்டும். மான் வேட்டையைக் காரணமாக எழுதும் விண்ணப்பம் எந்த மேசையையும் தாண்டாது. உரிமம் கிடைத்த பிறகும், 2016 ஆயுத விதிகளின்படி பொது இடத்தில் கொண்டுபோகும்போது துப்பாக்கி முழுவதும் மூடப்பட்டிருக்க வேண்டும். கைத்துப்பாக்கி என்றால் அதற்குரிய உறையில், உடலோடு பிணைந்திருக்க வேண்டும். என் தங்கை மகன் காட்டிய படங்களில் இருப்பதைப் போல இடுப்பில் தெரியத் தெரிய மாட்டிக்கொண்டு சாயல்குடி கடைத்தெருவில் நடக்க முடியாது. உரிம நிபந்தனையை மீறினால் அதற்கே 6 மாதம் வரை சிறையோ 2,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ உண்டு.

அடுத்ததாகப் பெரியவர் சொன்னதுதான் நம் கரையோரத்து மக்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. சுடுவது இருக்கட்டும், உரிமமுள்ள துப்பாக்கியோடு எந்த மண்ணில் கால் வைக்கிறோம் என்பதே ஒரு கேள்வி. சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய, தலைமை வன உயிரினக் காப்பாளர் அல்லது அதிகாரம் பெற்ற அலுவலரின் எழுத்து மூலமான முன் அனுமதி வேண்டும் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆவது பிரிவு சொல்கிறது. நம் மாவட்டத்தில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், மேலச்செல்வனூர்–கீழச்செல்வனூர், தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை ஆகிய பறவைகள் சரணாலயங்கள் இருக்கின்றன. இவற்றில் பெரும்பாலானவை ஊர்க் கண்மாய்கள்தாம். கரையில் ஆடு மேயும், ஓரத்தில் கருவேலம் மண்டிக் கிடக்கும், எங்கே சரணாலயம் தொடங்குகிறது என்று புதியவருக்குத் தெரியாது. மானைத் தொடர்ந்து அந்தக் கருவேலங்காட்டுக்குள் இறங்கியவர் ஒரு தோட்டாகூட வெடிக்காமலேயே குற்றவாளி ஆகிவிடலாம். கடல் பக்கமும் இதே நிலைதான். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே உள்ள 21 தீவுகளும் 1986 முதல் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவில் அடங்கியவை. தேசியப் பூங்காவுக்கும் அதே விதி பொருந்தும். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகும்போது துணைக்குத் துப்பாக்கி எடுத்துச் சென்றேன் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

அதே சட்டத்தின் 34ஆவது பிரிவைப் பற்றி அவர் சொல்லும் வரை நான் கேள்விப்பட்டதே இல்லை. சரணாலயத்தின் உள்ளேயோ அதிலிருந்து 10 கிலோமீட்டருக்குள்ளோ குடியிருக்கும் ஆயுத உரிமதாரர்கள் தங்கள் பெயரைத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடமோ அதிகாரம் பெற்ற அலுவலரிடமோ பதிவு செய்ய வேண்டும். அந்த எல்லைக்குள் புதிதாக ஆயுத உரிமம் வழங்குவதற்கும் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் இசைவு வேண்டும். இதைக் கேட்டபோதுதான், வாரிசு என்ற முறையில் நான் கொடுத்த விண்ணப்பம் ஏன் அத்தனை காலம் வனத்துறைக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் இடையே இருந்தது என்பது புரிந்தது. மேலச்செல்வனூரையும் தீவுகளையும் மையமாக வைத்துக் காகிதத்தில் அவர் கவராயத்தால் வட்டம் போட்டுக் காட்டினார். எங்கள் தோப்பு இரண்டு வட்டத்துக்குள்ளும் விழுந்தது. கட்டணம் ஏதுமின்றி, பதிவு மனுவை எப்படி எழுத வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். உரிமம் வழங்கும் இடத்தில் எனக்கு யாரும் சொல்லாத ஒன்றை, தோட்டா விற்றுப் பிழைக்கும் ஒருவர் சொல்லிக்கொடுத்தார் என்பதை மனமார எழுதுகிறேன்.

விவசாயிகளின் பாடு வேறு. மானும் பன்றியும் நிலக்கடலையையும் சோளத்தையும் ஒரே இரவில் தின்று தீர்த்துவிடும்போது, சட்டம் பேசுகிறவர்மேல் கோபம் வருவது இயல்பு. அன்று கடையில் உட்கார்ந்திருந்த முதுகுளத்தூர்க்காரர் ஒருவர் அதை உரத்த குரலிலேயே சொன்னார். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு காட்டுப் பன்றிகளுக்காகப் பிறப்பித்த ஆணையை அவர் சான்றாகக் காட்டினார். காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் பொறுப்பு அந்த ஆணையின்படி வனத்துறையினருக்கே உரியது, உரிமம் வைத்திருக்கும் விவசாயிக்கு அன்று, மானுக்கும் அது பொருந்தாது என்று பெரியவர் பொறுமையாகத் திருத்தினார். வயலில் புகுந்த மானைச் சத்தம் போட்டு வெளியே ஓட்டுவதும், கொல்வதற்காக விரட்டுவதும் ஒன்றல்ல என்பதையும் தெளிவுபடுத்தினார். முதுகுளத்தூர்க்காரர் முழுவதும் சமாதானம் ஆகவில்லை. ஆனாலும் இழப்பீட்டு மனுவுக்கு என்னென்ன படம் எடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பகல் 1 மணிக்குக் கடையை அடைத்தால் 4 மணி வரை திறப்பதில்லை; தொலைபேசியை எடுப்பதே அரிது. சாயல்குடியிலிருந்து பேருந்தில் வருபவருக்கு இது பெருந்தொல்லை, துப்பாக்கியோடு வெயிலில் காத்திருப்பது அதைவிடத் தொல்லை. ரிவால்வர், பிஸ்டல் பழுதுபார்ப்பதில்லை. தோட்டா எல்லா ரகமும் எப்போதும் இருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. அவர் வாயால் சொல்லும் இத்தனை செய்திகளில் ஒன்றுகூடச் சுவரில் எழுதப்படவில்லை. ஒரு பலகையில் நல்ல தமிழில் பத்து வரி எழுதி மாட்டினால், கேட்கத் தயங்குகிறவர்களும் படித்துக்கொள்வார்கள் என்று சொன்னேன், செய்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இம்முறை முழுச் சுத்தத்துக்கும் விசை சரிபார்ப்புக்கும் 1,500 ரூபாய் வாங்கினார். கையால் எழுதிய ரசீதில் துப்பாக்கி எண், உரிம எண், செய்த வேலை எல்லாம் இருந்தன. என் தங்கை மகன் புறப்படும்போது, டெக்சாஸில் தன் வேட்டை உரிமம் எந்தத் தேதியில் முடிகிறது என்று கைபேசியில் தேடிப் பார்த்துக்கொண்டான். இடது குழலின் குழிகள் பெருகவில்லை என்று பெரியவர் பதிவேட்டில் எழுதி, ஐப்பசி மழை தொடங்குமுன் மறுபடி கொண்டுவரும்படி ஒரு சீட்டைக் கட்டையில் கட்டி அனுப்பினார்.